டிஸ்ட்ரிபியூட்டருக்கு எண்ணெய் எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது

பழைய அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களிடம் டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அது கரன்ட் சமாசாரம், எண்ணெய் பக்கத்திலேயே போகக் கூடாது" என்பார் ஒருவர். "சுத்துற சாமான்தானே, நாலு பக்கமும் நல்லா எண்ணெய் விடு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் எதை அப்படியே பின்பற்றினாலும் வண்டி ஒருநாள் நடுரோட்டில் நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் பெயரே ஒரு காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பங்கிட்டுக் கொடுப்பது. அதனால் சிலிண்டருக்குள் பொறி விடும் நாலு பிளக்குக்கும் கரன்டைப் பிரித்து அனுப்பும் ஒரு பெட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். பங்கிடுவது அதன் சின்ன வேலை. பெரிய வேலை, நேரம் பார்ப்பது. அதைக் கரன்ட் பெட்டியாகப் பார்க்காமல் ஒரு கடிகாரமாகப் பார்த்தால், எங்கே எண்ணெய் வேண்டும், எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினையும் அதில் உட்காரும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரையும். நம் ஊரில் அதிகம் பேர் கையில் இருப்பது அதுதான். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இந்த வகைப் பாகங்களை இங்கேயே தயாரித்தது. மற்ற வண்டிகளில் அளவுகள் கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது.

பந்தியும் தாளமும்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே போகிறது, அழுத்தப்படுகிறது, ஒரு பொறி பட்டு எரிகிறது, புகையாக வெளியேறுகிறது. இந்த நாலு கட்டமும் முடிய எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி.

இனி கணக்கு போடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நிமிடத்துக்கு 6000 பொறி தேவை. விநாடிக்கு 100. அதுவும் 1, 2, 3, 4 என்று வரிசையாகப் போகாது. அம்பாசிடரில் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் போக வேண்டும். இதற்கு ஃபயரிங் ஆர்டர் என்று பெயர்.

பந்தியில் பரிமாறுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியோடு வரிசையாகப் போய் ஒவ்வொரு இலையிலும் ஒரு கரண்டி வைக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் செய்வது அதுதான். நடுவில் வரும் கரன்டைச் சுற்றிலும் உள்ள நாலு முனைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகிறது. ஆனால் எந்தக் கணத்தில் வைப்பது என்று அவருக்கு யாரோ தாளம் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தாளம் போடுபவர் ரோட்டருக்குக் கீழே, கண்ணில் சட்டென்று படாத இடத்தில் இருக்கிறார்.

பொறி வருவது மூடும்போதா, திறக்கும்போதா?

இங்கேதான் அனுபவப்பட்டவர்கள்கூடத் தடுமாறுவார்கள். ரோட்டரைக் கழற்றினால் அடியில் இரண்டு சின்ன உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இருப்பதைப் பார்க்கலாம். மெக்கானிக்குகள் சி.பி. பாயின்ட் அல்லது வெறுமனே பாயின்ட் என்பது இதைத்தான். அது ஒரு சுவிட்ச். வீட்டில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவதுபோல, பாயின்ட் சேரும்போது பொறி வரும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர். பாயின்ட் பிரியும்போதுதான் பொறி வருகிறது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை முழுவதும் திறந்து வைத்திருந்து, சட்டென்று மூடிப் பாருங்கள். பைப் 'டக்' என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே கணத்தில் நிற்க வேண்டியிருப்பதால், அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயை இடிக்கிறது. மெதுவாக மூடினால் அந்த இடி வராது.

இக்னிஷன் காயிலுக்குள் நடப்பதும் இந்த இடிதான். காயில் என்பது ஒரே இரும்புத் துண்டைச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் தடித்த கம்பி சில நூறு சுற்று. இன்னொன்றில் மயிரிழை போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. பாயின்ட் சேர்ந்திருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட், தடித்த சுருளில் மூன்று, நான்கு ஆம்பியர் கரன்டை ஓட்டுகிறது, இரும்பு காந்தமாகிறது. பாயின்ட் பிரிந்ததும் கரன்ட் அறுபடுகிறது, காந்தம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு மெல்லிய சுருளில் 15,000, 20,000 வோல்ட் வரை எழுப்பிவிடும். பிளக்கின் நுனியில் காற்றையே தாண்டிக் குதிப்பது அதுதான்.

பாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா போல உட்கார்ந்திருக்கும் கண்டன்சர் எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாயின்ட் பிரியும் கணத்தில் கரன்ட் விடாப்பிடியாக அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அப்படித் தாண்டினால் பாயின்ட் கருகும். குழாயை மெதுவாக மூடியதுபோல் ஆகி, இடியும் பலம் குறையும். கண்டன்சர் அந்தக் கரன்டை ஒரு கணம் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் அறுப்பு சுத்தமாக நடக்கிறது.

இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். 1910-ம் ஆண்டு காடிலாக் கார்களில் இது வந்தது. அதற்குப் பிறகு அறுபது, எழுபது வருடம் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதே முறையில்தான் ஓடின.

இதுவரை பார்த்தது: காயிலில் கரன்ட் ஓடுகிறது. பாயின்ட் பிரிந்ததும் அது அறுபட்டு உயர் வோல்ட்டாக மாறுகிறது. ரோட்டர் அதை முறைவரும் சிலிண்டருக்குச் சேர்க்கிறது. ஆகவே, பாயின்ட் பிரியும் கணமே பொறியின் கணம்.

பாயின்ட்டைப் பிரிப்பது யார்?

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் ஒரு ஷாஃப்ட் நிற்கிறது. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். அதன் மேல்பகுதியில் கேம் இருக்கிறது. கேம் என்றால் வட்டமாக இல்லாமல் நாலு மூலை கொண்ட ஒரு உருளை. பாயின்ட்டின் அசையும் கையில் ஒரு ஃபைபர் கட்டை ஒட்டியிருக்கும். கேமின் மூலை வரும்போதெல்லாம் அந்தக் கட்டையைத் தள்ளும், பாயின்ட் பிரியும். மூலை கடந்ததும் ஸ்பிரிங் அதைத் திரும்பச் சேர்க்கும்.

அந்தக் கட்டை எத்தனை தடவை தேய்க்கப்படுகிறது என்று ஒருமுறை கணக்கு போட்டுப் பார்த்தேன். 5000 கிலோமீட்டரைச் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 100 மணி நேரம். எஞ்சின் சராசரி 2000 சுற்றில் ஓடியது என்று வைத்தால் நிமிடத்துக்கு 4000 தள்ளல். மொத்தம் 2 கோடியே 40 லட்சம். ஒரு சுண்டு விரல் நகம்கூட இல்லாத ஃபைபர் துண்டு, இரும்பின் மேல் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி தடவை உரசுகிறது. அதற்கு ஒரு கடுகளவு கிரீஸ் வேண்டாமா?

பொறியின் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பொறி விழுந்ததும் கலவை வெடிகுண்டுபோல் ஒரே கணத்தில் எரிந்து தீர்வதில்லை. பிளக்கின் நுனியில் பற்றி, சிலிண்டர் முழுக்கப் பரவச் சில மில்லி விநாடி ஆகும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் இறங்க ஆரம்பிக்கும்போது முழு அழுத்தமும் கிடைக்கும்.

எவ்வளவு முன்பு? அது வேகத்தைப் பொறுத்தது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் நிற்பவருக்கு ரோட்டோரத்தில் நின்று ஒரு பொட்டலத்தை வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஊர்ந்து போனால் ஜன்னல் எதிரே வந்தபின் கொடுத்தாலே போதும். வேகமாக வந்தால் அது எதிரே வருவதற்கு முன்பே வீசிவிட வேண்டும். எஞ்சின் வேகம் கூடும்போது பொறியையும் இப்படி முன்கூட்டியே விடுவதற்கு அட்வான்ஸ் என்று பெயர்.

டிஸ்ட்ரிபியூட்டர் இதைத் தானாகவே செய்துகொள்கிறது. அடித்தட்டுக்குக் கீழே இரண்டு இரும்பு வெயிட்டுகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. ராட்டினம் சுற்றும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் விரிவதுபோல, வேகம் கூடக்கூட இந்த வெயிட்டுகள் விரிந்து கேமை ஷாஃப்ட்டின் மேல் சில டிகிரி முன்னால் திருப்பிவிடும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இதுதான்: கேமும் ஷாஃப்ட்டும் ஒரே துண்டு கிடையாது. ஷாஃப்ட்டின் மேல் தொப்பிபோல் கேம் மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அது வழுக்கித் திரும்ப வேண்டும்.

பக்கத்தில் தட்டையான வட்டப் பெட்டி ஒன்று தொங்கும். கார்புரேட்டரிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய் வரும். அது வாக்குவம் அட்வான்ஸ். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து நிதானமாக ஓட்டும்போது அது பாயின்ட் இருக்கும் தட்டைக் கொஞ்சம் இழுத்து இன்னும் முன்கூட்டிப் பொறி விடும். பெட்ரோல் மிச்சமாவது இதனால்தான்.

தேய்மானம் என்றால் நேரத் தவறு

3000 சுற்றில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம், ஒரு விநாடியில் 18,000-ல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் வேலை செய்கிறது. ஆகவே உள்ளே எது தேய்ந்தாலும், எது இறுகினாலும், அது நேரத் தவறாகவே வெளியே வரும்.

ஃபைபர் கட்டை தேய்ந்தால் கேம் அதைத் தள்ளும் தூரம் குறைகிறது. பாயின்ட் தாமதமாகப் பிரிகிறது. வண்டிக்கு இழுவை போகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், எஞ்சின் சூடேறும். இன்னும் தேய்ந்தால் பாயின்ட் பிரியவே பிரியாது. வண்டி நின்றுவிடும்.

கேம் ஷாஃப்ட்டின் மேல் இறுகிப்போனால் அட்வான்ஸ் நின்றுபோகும். பின்தங்கிய நிலையில் சிக்கியிருந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் வராது. முன்னேறிய நிலையில் சிக்கிவிட்டால் ஏற்றத்தில் 'டொக் டொக்' என்று நாக்கிங் கேட்கும், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைக்கும். இந்தக் கோளாறுக்காக எத்தனையோ கார்புரேட்டர்கள் தேவையில்லாமல் கழற்றப்பட்டிருக்கின்றன. எனக்கு அதில் மிகவும் வருத்தம் உண்டு. நல்ல கார்புரேட்டரைப் பிரித்துக் கெடுத்தபின், கடைசியில் மூன்று சொட்டு எண்ணெயில் சரியாகியிருக்கும்.

ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். அப்போது பாயின்ட் பிரியும் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒரு அளவு, இன்னொன்றுக்கு வேறு அளவு. இந்த எஞ்சினை எவ்வளவு டியூன் செய்தாலும் ஐடிலிங் சீராக நிற்காது.

சுருக்கமாக: கட்டை தேய்ந்தால் பொறி பிந்தும், கேம் இறுகினால் பொறி வேகத்தோடு மாறாது, ஷாஃப்ட் ஆடினால் பொறி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக வரும்.

தையல் மெஷினிடம் கற்றுக்கொள்ளலாம்

வீட்டில் தையல் மெஷின் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. மெஷினில் எண்ணெய் விடும் துளைகள் தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சொட்டு. கூடுதலாக விட்டால் துணியில் கறை படும் என்று ஒரு பழந்துணியைத் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியை வைப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த நல்ல துணி, பாயின்ட். அதன்மேல் எண்ணெய் படக் கூடாது. மற்றபடி எண்ணெய் கேட்கும் இடங்கள் நாலு.

முதல் இடம் கேமின் நடுப்பகுதி. ரோட்டரை மேல்நோக்கி இழுத்து எடுத்தால் நடுவில் ஒரு ஸ்குரூவின் தலை தெரியும். அதைக் கழற்ற வேண்டாம். அதன்மேலேயே எஞ்சின் ஆயில் இரண்டு, மூன்று சொட்டு விட்டால் போதும். ஸ்குரூவைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக இறங்கி, கேமுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே போய்ச் சேரும். நாலில் எல்லாரும் மறப்பது இதைத்தான். ரோட்டரைக் கழற்றினால்தான் கண்ணில் படும் என்பதால், வருடக்கணக்கில் ஒரு சொட்டுகூடக் காணாத வண்டிகள் நிறைய.

இறுகியிருக்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம். ரோட்டரைத் திரும்ப மாட்டி, அது சுழலும் திசையில் விரலால் லேசாகத் திருப்புங்கள். அம்பாசிடரில் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு கொஞ்சம் திரும்பி, விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் நல்லது. அசையவே இல்லை என்றாலோ, திரும்பியது திரும்பியபடி நின்றுவிட்டாலோ உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் விடுபடும். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் வழி.

இரண்டாவது, கீழே உள்ள வெயிட்டுகள். பாயின்ட் தட்டுக்கும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சில சொட்டுகள் கீழே இறங்கும்படி விட வேண்டும். தட்டின்மேல் வழியக் கூடாது. எண்ணெய்க் கேனின் மூக்கு தடிமனாக இருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சு கைகொடுக்கும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், சொட்டு என்றால் சொட்டுதான் விழும்.

மூன்றாவது, பாயின்ட்டின் அசையும் கை திரும்பும் சின்ன முளை. இங்கே ஒரே ஒரு சொட்டு, அதுவும் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும். முளை இறுகினால் வேகத்தில் பாயின்ட் திரும்பச் சேர முடியாமல் எஞ்சின் மிஸ்ஸிங் ஆகும். அதிகமாக விட்டாலோ, அது ஓடிப்போய்ச் சேரும் இடம் பாயின்ட்தான்.

நாலாவது, கேமின் வெளிப்பக்கம். இதற்கு எண்ணெய் ஆகாது, தெறித்துவிடும். சூடு தாங்கும் கிரீஸ் வேண்டும். கடுகளவு எடுத்து நாலு முகத்திலும் விரலால் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும், அவ்வளவுதான். சிலர் வாசலின் தடவுவார்கள். வாசலின் 60 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஓடும் எஞ்சினின் பக்கத்தில் அது நிற்காது.

அந்த நாலாவது இடத்தில் நடக்கும் தவறு என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மாமாவின் மார்க் டூ அம்பாசிடர் ஒரு ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள், சென்னையிலிருந்து திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு வரை நன்றாக வந்தது. அப்புறம் விட்டு விட்டு மிஸ்ஸிங். மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் நின்றேவிட்டது. மாமா பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றினார். கேம் முழுக்கக் கிரீஸ், சந்தனம் அப்பியதுபோல. ஃபைபர் கட்டை அதை வழித்து வழித்துப் பாயின்ட்டின் மேல் எறிந்திருந்தது. அவர் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, பாயின்ட்டுக்கு நடுவே செருகி இழுத்தார். கருப்பாக வந்தது. இன்னொரு துண்டு, இன்னொன்று. கறை வராத துண்டு வந்தபிறகு சாவியைத் திருப்பினார், முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் எனக்கு அக்கறை வந்தது அந்த நாளில்தான்.

கொஞ்சம் கிரீஸ் பட்டால் ஏன் நின்றுபோகிறது என்று கேட்கலாம். பிளக்கில் 15,000 வோல்ட் குதிக்கிறது, அதற்கு இந்தப் படலம் ஒரு பொருட்டில்லை. ஆனால் பாயின்ட் வழியாக ஓடுவது வெறும் 12 வோல்ட். பொறிச் சூட்டில் கருகிய எண்ணெய்ப் படலத்தை அந்த 12 வோல்ட்டால் தாண்ட முடியாது. காயிலில் கரன்டே ஓடாது. ஓடாத கரன்டை அறுத்து என்ன பயன்?

புஷ்ஷின் கதை

ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் சாதாரண உலோகக் குழாய் கிடையாது. வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. செங்கல் தண்ணீரை உறிஞ்சுவதுபோல இது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். புதிதாகப் போடும்போது மெல்லிய எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் முழுக ஊறவைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். "இன்னைக்கே வண்டி வேணும்" என்று அவசரப்படுத்தினால் உலர்ந்த புஷ்தான் உள்ளே போகும்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, கேமை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். 'டிக்' என்று தட்டினால் தேய்ந்துவிட்டது. இன்னொரு சோதனையும் உண்டு: கேமின் நாலு மூலையிலும் தனித்தனியாக இடைவெளி அளந்து பாருங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணெய் படவே கூடாத இடங்கள்

கேப், ரோட்டர், பாயின்ட். இந்த மூன்றும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கேப்பின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு இழுத்ததுபோல் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கருப்பு இழை தெரிந்தால், அது கரி படிந்த வெடிப்பு. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக நழுவிவிடும். சுரண்டிச் சரிசெய்ய முடியாது, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அழுத்தியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேப்பின் உள்ளே கோத்த ஈரம்தான் காரணம் என்பது என் அனுபவம். துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

மற்ற நிறுவனங்களின் சில டிஸ்ட்ரிபியூட்டர்களில், முக்கியமாக பாஷில், ரோட்டருக்கு அடியில் ஒரு சின்னக் கம்பளித் திரி இருக்கும். அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அழுக்கு என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

உட்கார்ந்து செய்யும்போது

5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று மழைக்காலத்துக்கு முன்பாக இருந்தால் நல்லது. நிற்கும் வண்டியில்தான் எண்ணெய் பிசினாகிறது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சாவியை ஆனில் மறந்துவிட்டு, பாயின்ட்டும் சேர்ந்த நிலையில் இருந்தால் காயில் வழியாகக் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும்; காயில் சூடாகிக் கெட்டுப்போகும். கேப்பின் இரண்டு கிளிப்பை நீக்கி, பிளக் வயர்களைப் பிடுங்காமல் அப்படியே ஓரமாக ஒதுக்கி வைக்கலாம். வயரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் 1, 3, 4, 2 என்று துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள்.

முதலில் பாயின்ட். முகங்கள் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் காகிதத்தால் துடைத்தாலே போதும். ஒன்றில் பள்ளமும் எதிரில் முகடும் விழுந்திருந்தால் இடைவெளியைச் சரியாக அளக்கவே முடியாது. அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் முகட்டின்மேல் உட்கார்ந்து தவறான அளவைக் காட்டும். மெல்லிய அரத்தால் முகட்டை நீக்கலாம், ஆனால் நான் பாயின்ட்டையே மாற்றிவிடச் சொல்வேன். விலை அதிகமில்லை. புதிதைப் போடும்போது வயர் முனையோடு வரும் பிளாஸ்டிக் வாஷர் பழைய வரிசையிலேயே உட்கார வேண்டும். அது மாறினால் பாயின்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். எல்லாம் புதிதாகப் போட்டும் பொறியே வராது. கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எண்ணெய், நாலு இடத்திலும், மேலே சொன்ன அளவில். அதன்பின் இடைவெளி. ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை மெல்லத் திருப்பி, ஃபைபர் கட்டை கேமின் மூலை உச்சியில் நிற்கும்படி செய்யுங்கள். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளலாம். இந்த வகை லூகாஸில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இறுக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. ஸ்குரூவை முடுக்கும்போது அளவு நகரும், ஆகவே முடுக்கியபின் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். பொறி விழும் நேரமான டைமிங்கைத் தொடுவதென்றால் இதற்குப் பிறகுதான். இடைவெளி மாறினாலே டைமிங் மாறும், அதனால் வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் சென்சார் பொருத்தியவர்கள் இனி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஃபைபர் கட்டை போய்விட்டதால் கேமுக்குக் கிரீஸ் தேவையில்லை, முளைக்கும் சொட்டு தேவையில்லை, உண்மைதான். ஆனால் ஷாஃப்ட், கேம், வெயிட் எல்லாம் அதே பழையவைதான். ரோட்டருக்கு அடியில் அந்த மூன்று சொட்டும், வெயிட்டுகளுக்கான சில சொட்டும் அவர்களுக்கும் வேண்டும்.

புதுப் பாயின்ட் போட்டவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி. புதுக் கட்டை கேமோடு பழகும்வரை ஆரம்பத்தில் வேகமாகத் தேயும். 500 கிலோமீட்டர் ஓடியதும் கேப்பைத் திறந்து அந்த 0.35 இன்னும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் சரிசெய்து மூடிவிடலாம். அடுத்த முறை இவ்வளவு சீக்கிரம் குறையாது.